பத்து மணி வரை காவல்

ஏரிக்காற்று இதமாய் வீசும் இந்தப் பருத்திப்பட்டுப் பந்தலில், குடியை விட்டுத் தெளிந்தோர் மன்றத்தின் தலைமை நாற்காலியைத் தாங்கி நிற்கும் அண்ணன் திருவேங்கடம் அவர்களே, ஈரலின் இயல்பறிந்த மருத்துவர் கிருஷ்ணப்பிரியா அவர்களே, வீட்டுக்காரரைக் கையோடு அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, தப்பிக்க வழியில்லாமல் வந்து சேர்ந்த தந்தைமார்களே, முன்வரிசையில் முறுக்கு கடிக்கும் என் ஆருயிர் நண்பன் செபாஸ்டியனே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சுப்பராயனின் ஈஸ்டர் திருநாள் வணக்கம்.

தலைவர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அண்ணே, நான் இன்னும் தொடங்கவே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அடுத்தடுத்த லேத் மிஷினில் இருபத்தாறு ஆண்டு நின்றவர்கள் நானும் செபாஸ்டியனும். உழைப்பிலும் ஒன்று, ஊற்றிக்கொள்வதிலும் ஒன்று. ஆனாலும் எங்களுக்குக் கொள்கை உண்டு. கார்த்திகை பிறந்தால் எனக்கு மாலை. நாற்பத்தெட்டு நாள் சொட்டுக்கூடத் தொட மாட்டேன். தவக்காலம் வந்தால் அவனுக்கு நோன்பு. நாற்பது நாள் நாவை நனைக்க மாட்டான். நான் மாலையைக் கழற்றிய அன்று அவன் பாட்டிலோடு என் வீட்டுக்கு வருவான். ஈஸ்டர் பிரியாணிக்கு நான் பாட்டிலோடு அவன் வீட்டுக்குப் போவேன். மத ஒற்றுமையை இப்படி வளர்த்தவர்கள் இந்த வட்டாரத்தில் வேறு யார்?

சிரிக்கிறீர்கள். இதே கணக்கில் குடித்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அடடே, பந்தலில் பாதிக் கை மேலே நிற்கிறது.

போன ஆடியில் செபாஸ்டியனுக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலானது, காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கியது, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி; சோதித்தால் ஈரலிலும் குடியால் வந்த தழும்பு. அவன் மனைவி ஞானசௌந்தரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மூச்சு வாங்கறதைப் பாக்க முடியல, பொயச்சுக்குவாரா?" என்று கேட்டபோது நானும் அழுதுவிட்டேன்.

கண்ணைத் திறந்தவன் நம் டாக்டரம்மா கிருஷ்ணப்பிரியாவிடம் என்ன சொன்னான் தெரியுமா? "நான் இன்னா மொடாக் குடியனா டாக்டர்? வருசத்துக்கு நாப்பது நாள் ஈரலுக்கு லீவு வுட்டுகினு கீறேனே."

"லீவு முடிஞ்ச அன்னைக்கே டபுள் டூட்டி போட்டுடறீங்களேண்ணே" என்றார் டாக்டரம்மா.

பிறகு விளக்கினார். நம் இரத்தத்தில் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு கூட்டம் சுற்றுகிறது. ஈரலில் அவை நிறையவே உண்டு. கிருமி புகுந்த அணுவா, புற்றாக மாறப்போகும் அணுவா, முன்பின் அறிமுகம் இல்லாமலே ஆளைப் பிடித்து முடித்துவிடும். எஸ்டேட் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியால் ஈரல் கெட்டவர்களுக்கு இந்த வாட்ச்மேன்களின் எண்ணிக்கையும் குறைகிறது, அடிக்கும் வலுவும் குறைகிறது. ஈரலில் தழும்பை வளர்க்கும் அணுக்களை அடக்குவதும் இவர்கள் வேலைதான். இவர்கள் தூங்கினால் தழும்பைக் கேட்பார் யார்? சளியைத் தடுப்பார் யார்? செபாஸ்டியனைக் காப்பார் யார்?

"இனிமே ஒரு சொட்டு கூடாது" என்றார் டாக்டரம்மா. ஆயுள் முழுக்க என்றதும் அவன் முகம் செத்துவிட்டது. நாற்பது நாள்தானே அவனுக்குப் பழக்கம்? அப்போதுதான் நான் சொன்னேன்: "மச்சான், உன் நோன்புல நான் கீறேன். என் விரதத்துல நீ கீறியா?"

"நான் மாலை போட்டா ஃபாதர் இன்னா சொல்வாரு?"

"மாலை வேணாம் நைனா. கிளாஸை மட்டும் கீய வெச்சிடு."

மருந்தும் மேற்பார்வையும் டாக்டரம்மா கொடுத்தார், காலண்டரை நாங்கள் எடுத்தோம். புரட்டாசிக்கு என் பெருமாள், ஐப்பசியில் என் முருகன், கார்த்திகைக்கு என் ஐயப்பன், தையில் மறுபடி முருகன், திருநீற்றுப் புதனிலிருந்து அவன் ஆண்டவர். ஒரு சாமி இறங்கும்போது இன்னொரு சாமியின் கையில் இவனை ஒப்படைத்தோம். ஆஸ்பத்திரியில் எடுத்ததுபோலவே, டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்காகப் போன வாரம் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தழும்பு அப்படியேதான் இருக்கிறது; எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனால் செபாஸ்டியனின் வாட்ச்மேன்கள் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதோ, தலைவரிடமிருந்து மூன்றாவது துண்டுச்சீட்டு. 'சுருக்கமாக முடிக்கவும்.' மாட்டேன் அண்ணே. ஏன் என்று இப்போது சொல்கிறேன், செபாஸ்டியனே சொல்லச் சொன்னான்.

இன்று ஈஸ்டர். தவக்காலம் முடிந்தது. அடுத்த விரதம் ஆடியில்தான். நடுவில் காலண்டர் காலி. இத்தனை வருடமும் இதே சாயங்காலம் இவன் பாட்டிலைத் திறந்திருக்கிறான். "மாமே, ஈஸ்டர் அன்னைக்கு மட்டும் என்னைத் தனியா வுட்டுடாத" என்று போன மாதமே வந்து நின்றான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதனால்தான் எனக்குக் கடைசிப் பேச்சு, அதனால்தான் இந்த நீளம். மதுக்கடை மூடுவது பத்து மணிக்கு. மைக் நிறுத்துவதும் பத்து மணிக்கு. கொட்டாவி விட்டாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தீர்களே, நீங்கள் அத்தனை பேரும் இன்று இவன் ஈரலுக்கு வாட்ச்மேன்கள்.

மணி ஒன்பது ஐம்பத்தொன்பது. நாளைக்கு எந்தச் சாமியும் இல்லை. நாளை இரவு இவனைச் சாப்பிடக் கூப்பிட யார் தயார்? மறுநாள்? அதற்கு மறுநாள்? போதும் தாய்மார்களே, கையை இறக்குங்கள், ஆடி வரைக்கும் சோறு நிரம்பிவிட்டது. ஞானசௌந்தரி, கண்ணைத் துடைத்துக்கொள் அம்மா.

பொறுத்த தலைவருக்கும், பொய் சொல்லாத மருத்துவருக்கும், காவலிருந்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. கடை சாத்தியாச்சு செபாஸ்டியா. வா, ஊட்டுக்குப் போலாம். வணக்கம்.