மூன்றாவது கோயிலுக்கு ஒரு தீர்ப்பு

இந்த அவைக்குத் தலைமையேற்றுக் கனிவோடு அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை பிரகதீஸ்வரி அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் ஆலங்குடிப் பெரியோர்களே! மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் சரண்யா. இரண்டாம் வகுப்பு இலக்கியாவின் அம்மா. கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பற்றிப் பெற்றோர் நாங்கள் சேர்ந்து செய்த செல்போன் பாடத்தை வெளியிடக் கூடியிருக்கிறோம். வெளியிடும் முன் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்கவே எழுந்து நிற்கிறேன்.

அங்கே எழுந்தவை மூன்று கோயில்கள். இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். அந்த வெற்றிடத்தைக் கண்டு பிள்ளைகள் முகம் வாடுமே என்று, படம் வரையும் தம்பி சரவணக்குமார் மூன்றாவது கோயிலின் விமானத்தையும் திரையில் எழுப்பிவிட்டார். பாடத்துக்குக் குரல் கொடுத்த நானும் மூன்றும் இருப்பதாகவே சொல்லிவிட்டேன். அடடா, என்ன அழகு! சிலை சிரித்தது, சிகரம் சிலிர்த்தது, விரல் வைத்தால் விமானமே சுழன்றது!

பாடம் தேறுமா என்று பார்க்கக் கீரமங்கலத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்தோம். முதலில் கேசரி கொடுத்தோம். பிறகு கருத்துக் கேட்டோம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! நம் பக்கத்தில் கேசரி தின்ற வாய் குறை சொல்லுமா? எல்லோரும் ஐந்து நட்சத்திரம்! காஜா மைதீன் மாமா பாடத்தைத் திறக்கவே இல்லை. "நம்ம புள்ளைக செஞ்சது, நல்லாத்தாம்மா இருக்கும்" என்று ஐந்தையும் அழுத்திவிட்டார். அதோ, தலையைக் குனிகிறார். அது அன்பு மாமா! ஆனால் அன்பு வேறு, அளந்து பார்ப்பது வேறு அல்லவா?

பிள்ளைகளைக் கொடும்பாளூருக்குக் கூட்டிப் போன அன்றுதான் உண்மையான தேர்வு நடந்தது. வேனை விட்டு இறங்கியதும் இலக்கியா ஓடினாள். ஓடியவள் நின்றாள்.

"மூணாவது கோயிலு எங்கிட்டும்மா? யாராச்சும் இடிச்சுட்டாங்களா?"

"இல்லத்தா, ரொம்ப நாளாவே இப்படித்தான். பாடத்துல உள்ளது சரவணன் மாமா நெனச்சு வரைஞ்சது."

"ஒங்கொரல்லதானம்மா மூணும் இருக்குன்னு சொன்னே?"

நிற்கும் கோயில்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப இந்த ரெண்டப் பத்திச் சொன்னதும் சும்மாவா?"

தாய்மார்களே! இல்லாத ஒன்றைக் கூட்டிச் சொல்லப் போய், இருப்பதெல்லாம் அவள் கண்ணில் சந்தேகமாகிவிட்டதே! மருந்து கசக்காது என்றால் என் சொல்லை நம்புகிறாள். பொங்கலுக்கு அப்பா துபாயிலிருந்து வந்துவிடுவார் என்றால் நம்புகிறாள். அந்த நம்பிக்கையல்லவா அங்கே ஆட்டம் கண்டது! பிறகு அவள் அந்தப் பாடத்தைத் தொடவே இல்லை.

பாடத்தை மாற்றினோம். அடித்தளத்தை அப்படியே விட்டோம். தொட்டால் என் குரல் சொல்லும்: "இங்கே ஒரு கோயில் இருந்தது. எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது." தம்பியின் விமானம் பக்கத்தில் தனியாக, 'இது எங்கள் கற்பனை' என்ற எழுத்தோடு.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கண்ணு வலிக்க வரைஞ்சதுக்கா. ஓரமாப் போடச் சொல்றீங்களே! வெறுங்கல்லக் காட்டுனா எந்தப் புள்ள பாக்கும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே பயம். மாற்றிய பாடத்தை இலக்கியாவிடம் நீட்டினேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. தள்ளி நின்றேன். அடித்தளத்தைத் தொட்டாள். கேட்டாள். மறுபடியும் தொட்டாள்.

"ஒனக்குமாம்மா தெரியாது?"

"எனக்குந்தான் தெரியாது."

"எங்க எச்செம்முக்கு?"

"அவங்களுக்கும் தெரியாதுத்தா." தலைமையாசிரியை அம்மையார் பொறுத்தருள வேண்டும்!

என் மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஞாயித்துக்கெழம திரும்பப் போவமா? அந்தக் கல்லு எம்புட்டு நீளம்னு அளந்து பாப்போம்."

பெரியோர்களே! பிள்ளையின் கண்ணைத் திரையில் கட்டிப்போடுவதா பாடம்? கால்களைக் கோயிலுக்கு நடத்துவதல்லவா பாடம்! தெரிந்ததைத் தெளிவாகச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம். அந்த வெற்றிடத்தில் நம் பிள்ளைகளின் கேள்வி முளைக்கட்டும், கேள்வியில் தேடல் தளிர்க்கட்டும், தேடலில் நாளைய வரலாறு தழைக்கட்டும்!

மாற்றிய பாடமே வெளிவரட்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். அங்கே பின்னால், நன்றாக உயர்த்துங்கள்! தம்பி சரவணக்குமார்... உங்கள் கையும் உயர்கிறதா?

போதும் தம்பி. எனக்கு இது போதும்.

உயர்ந்த கைகளுக்கும், பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.