அபினாவின் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏறாத காரணம்

பேட்டரியைப் பழிப்பது எங்கள் அருமனைக்காரர்களுக்கு வழக்கம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, பேட்டரியை மாற்று என்பார்கள். மஸ்கட்டில் பாதி ஆயுசை ஜெனரேட்டர்களோடு கழித்த ஜெபதாஸ் சொல்கிறேன், பேட்டரி பாவம். எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள். பதினாலு வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் ரெகுலேட்டரில் செருகியிருக்கும் கப்ளரை, அந்த வயர் இணைப்பைப் பாருங்கள். என் மகள் அபினாவின் ஸ்கூட்டரில் அந்தக் கப்ளரை உருவிவிட்டது நான்தான்.

அவள் நர்ஸ். ஜெர்மனிக்குப் போக மொழிப் பரீட்சை எழுதவேண்டும். அதற்கு விடியுமுன் குழித்துறையில் திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்கவேண்டும். நான் தடுக்கவே இல்லை. தலையில் கைவைத்து ஜெபம் பண்ணித்தான் அனுப்பினேன். கிக்கர் இல்லாத புது மாடல் வண்டி, இருந்த சார்ஜில் கொஞ்சதூரம் ஓடி ரப்பர் தோட்டத்து நடுவில் நின்றுவிட்டது. போன் வந்ததும் பைக்கில் பறந்துபோய்க் கூட்டிவந்தேன். ரயில் போய்விட்டது.

என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பா இல்லேண்ணா நான் என்ன செய்வேன்ப்பா" என்றாள்.

அவள் பிறந்தபோதும் நடந்தபோதும் நான் மஸ்கட்டில். அவள் அம்மா கண்ணை மூடியபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன், மனசு குளிர்ந்துபோயிற்று. அதனால் அடுத்த பரீட்சைக்கும் உருவினேன்.

இந்தத் தடவையும் ரயில் போய்விட்டது, ஆனால் அவள் என்னிடம் கேட்காமல் மெக்கானிக் டெனிஷிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தெரிந்ததும் நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் விளைந்த பயல். சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தான்.

"இது தன்னால களறாது அண்ணாச்சி. ஆரோ உருவுனதாக்கும்."

எலியாக இருக்கும் என்றேன். சொன்ன வாய்க்காகப் பொறியும் வைத்தேன். மறுநாள் ஒரு எலி மாட்டியது. குற்றமில்லாத பிராணி, எனக்கே சங்கடமாகிவிட்டது.

இப்போது அபினா மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். ரெகுலேட்டரும் இல்லை, கப்ளரை நான் தேடவேண்டியதும் இல்லை. நாளைக்கு மூன்றாவது பரீட்சை. இதற்குமேல் தவறினால் ஜெர்மனிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்களாம். சார்ஜர் வயரை என் ஜன்னல் வழியாக இழுத்து, கட்டில் தலைமாட்டு பிளக்கில் மாட்டியிருக்கிறாள்.

"வண்டி சூடு ஆறினதும் சுவிச்சை மறக்காம போட்டிரணும், கேட்டியளாப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப்போனாள்.

பிள்ளையின் வாழ்வில் நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. ஆனால் வயசானவனுக்கு மறதி வருவது ஒரு பாவமா?