பெராலாவின் இடது தோள்

ஐஸ் ஹாக்கியில் ரிசர்வ் கோல்கீப்பருக்கு உருப்படியான வேலை ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் பனித்தளத்துக்குள் போகவும் திரும்பி வரவும் பெஞ்சுக்கு முன்னால் இருக்கும் குட்டிக் கதவைத் திறந்து மூட வேண்டும். தலை முதல் கால் வரை கவசம் மாட்டிக்கொண்டு, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், நான் அதைப் பல வருஷம் செய்தேன். குறை சொல்ல முடியாதபடி செய்தேன். என் கதவில் ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை.

நீங்கள் டாக்டர் வெஸ்ட்பி செய்த ஆபரேஷன் விஷயமாகத்தான் மருத்துவ வாரியத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அவரிடம் வருகிறேன். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் விளங்கும்.

எங்களுடையது இரும்புச் சுரங்க ஊர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே எம்ஆர்ஐ மெஷின், அதன் படங்களைப் படித்துச் சொல்ல ஒரே ரேடியாலஜிஸ்ட். அது நான், வெண்டல் ஸ்குபிக். நடக்கப் பழகுகிற வயதிலேயே பிள்ளைகளுக்குச் சறுக்குக் காலணி மாட்டிவிடுகிற ஊரில் தோள்பட்டைக்குப் பஞ்சமா? நழுவிய தோள், கழன்ற தோள், கழன்று தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்ட தோள் என்று எல்லாம் என் திரைக்கு வரும். எனக்கு அடக்கம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய நகரமான டுலூத்தில் இருக்கும் சர்ஜன்கள்கூடச் சந்தேகம் வந்தால் படத்தை எனக்குத்தான் அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் நான் அப்படி.

அரங்கத்தில் என் பெயர் வாட்ச்மேன்.

நாற்பது வயது தாண்டியவர்களின் டீம் எங்களுடையது. சுரங்க ஆட்கள், இரண்டு வாத்தியார்கள், எதிராளியோடு கட்டிப் புரள்கிற ஒரு பாதிரியார். கோலில் நிற்பவன் டுவேன் பெராலா. சுரங்கத்தின் ராட்சத லாரிகளுக்கு மெக்கானிக். பள்ளிக்கூட டீமிலேயே அவன்தான் கோல்கீப்பர், நான்தான் ரிசர்வ். நான் மருத்துவம் படிக்கப் போனேன், பட்டம் வாங்கினேன், கல்யாணம் செய்துகொண்டேன், அது முறிந்தது, ஊருக்கே திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் டுவேன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். எதிராளி அடிக்கிற வரை மரம் மாதிரி நிற்பான். அடித்ததும் அவன் இடது கை மட்டும் எங்கிருந்தோ கிளம்பிப் போய், பறந்து வரும் ரப்பர் வில்லையைப் பிடித்துவிடும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாங்கள் அசைக்க முடியாத முன்னிலையில் இருக்கும் ஆட்டங்களில், கடைசி நேரத்தில் அவனே முகமூடியைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து கேப்டனிடம் சொல்வான். "வாட்ச்மேனையும் கொஞ்ச நேரம் உள்ள விடுங்கப்பா. பாவம்."

அந்த 'பாவம்' இருக்கிறதே, அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருக்கும்.

ஒரு நவம்பர் மாத ஆட்டத்தில் இருவர் சறுக்கிக்கொண்டு வந்து அவன்மேல் விழுந்தார்கள். இடது தோள் நழுவி, உடனே தானாகவே உள்ளே போய்விட்டது. அவனுடைய டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். மூட்டுக்குள் மருந்துச் சாயம் ஏற்றி எடுக்கும் படம். சாயம் எந்த இடுக்கில் கசிகிறதோ அதை வைத்துக் கிழிசலைக் கண்டுபிடிப்போம். ஊசி போடுவதும் நான்தான்.

டுவேன் மேஜையில் மல்லாந்து படுத்திருந்தான். அவ்வளவு பெரிய உடம்புக்கு ஊசி என்றால் பயம்.

"டேய் டாக்டரு, ஊசி பெருசாடா?"

"உன் வாயவிடச் சின்னதுதான். ஆடாம படு."

ஊசி மூட்டுக்குள் போனது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். வேறு எவனாவது பார்ப்பதாக இருந்தால் பயந்திருப்பானாம். நான் என்பதால் கார்லாவிடம், அவன் மனைவியிடம், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தானாம். பிறகு, ஊசி இன்னும் உள்ளே இருக்கும்போதே, என்னைத் தேற்ற ஆரம்பித்தான்.

"நான் வர்ற வரைக்கும் நீதான் நிக்கணும். பதறாத. உன் பக்கம் எதுவும் வராம பாத்துக்கங்கடான்னு பசங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

நான் சாயத்தை ஏற்றினேன். வலிக்கவே இல்லை என்று அவன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

படம் மத்தியானம் திரைக்கு வந்தது. உங்களுக்கு எளிமையாகச் சொல்கிறேன். தோள் மூட்டு என்பது சின்னச் சாஸர்மேல் பெரிய பந்து. பந்து உருண்டு விழாமலிருக்கச் சாஸரின் விளிம்பைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருக்கும். அது பிய்ந்தால் தோள் அடிக்கடி நழுவும். பிய்ந்ததை எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும்.

சில பேருக்கு மட்டும் வளையத்தின் முன்பக்க மேல்துண்டு பிறவியிலேயே கிடையாது. அதற்குப் பதில் கயிறு மாதிரி தடித்த ஒரு தசைநார் இருக்கும். படத்தில் பார்த்தால் வளையம் பிய்ந்து தொங்குவது போலவே தோன்றும். அது கோளாறே அல்ல, சிலருக்குக் கன்னத்தில் குழி விழுவது போலத்தான். ஆனால் யாராவது அதைக் கிழிசல் என்று நினைத்து எலும்போடு இழுத்துத் தைத்துவிட்டால், அந்தக் கை அதற்குப் பிறகு வெளிப்பக்கமாகத் திரும்பாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை மடக்குவதற்காகவே இந்தப் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதுண்டு.

டுவேனுக்கு அப்படிப்பட்ட தோள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. மற்றபடி வளையம் முழுசாக இருந்தது. தசைநார் கொஞ்சம் நீண்டிருந்தது, கொஞ்சம் வீக்கம். சில வாரம் உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவன் கோலில் நிற்பான், நான் வாட்ச்மேன் வேலைக்குத் திரும்புவேன்.

ரிப்போர்ட் பதிவு செய்யும் மைக்கை எடுத்து நான் சொன்னது இதுதான்: முன்பக்க மேல்பகுதியில் வளையம் எலும்பைவிட்டுப் பிய்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பவும்.

பிறகு கேன்டீனுக்குப் போய் இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்று சாப்பிட்டேன். அன்று டர்னிப் கிழங்கு கொஞ்சம் அதிகம்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பார். இது பிறவி அமைப்பு என்று அவருக்கே தெரிந்துவிடும். எதையும் தைக்காமல் மூடிவிடுவார். கையைக் கொஞ்ச நாள் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டு வைத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் சீசன் முடிந்துவிடும். எனக்கு வேண்டியது ஒரு சீசன். ஒரு மனிதன் நாற்பத்தெட்டு வயதில் ஒரு சீசனுக்கு ஆசைப்படுவது அப்படி ஒன்றும் பேராசை இல்லை என்று எனக்குப் பட்டது.

சர்ஜன் டாக்டர் லீன் வெஸ்ட்பி அப்போது எங்கள் ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கவனமான பெண். ஆபரேஷனுக்கு முந்தின நாள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்.

"சார், அந்த மேல்பக்கம் பிறவியிலேயே அப்படியோன்னு எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கு அப்படித் தோணலையா?"

அவருடைய கண்ணும் நல்ல கண்தான். அதை நான் மனதுக்குள் பாராட்டினேன்.

"அந்த ஓரத்தப் பாருங்கம்மா, எப்படிப் பிசிறா இருக்கு. நீங்க இப்பதான் வந்திருக்கீங்க. நான் இதுலயே தலை நரைச்சவன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

மறுநாள் இழுத்துத் தைத்துவிட்டார்.

இனி என் சீசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல அதிகமில்லை. முதல் ஆட்டத்தில் எதிராளிகள் கைவீசி வந்து கோல் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்ததில் எங்கள் ஆள் ஒருவன் தப்பாகத் தட்டியதையும் நான் உள்ளே விட்டேன். பாதிரியார் என்னிடம், "மனசத் தளர விடாதீங்க டாக், கர்த்தர் சோதிக்கிறார்" என்றார். சோதனை எனக்கா டீமுக்கா என்று அவர் சொல்லவில்லை. ஜனவரியில் பக்கத்து ஊரிலிருந்து ஜோடி மேகி என்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் வேலை, நல்ல கை. கேப்டன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "கோச்சுக்காத டாக்" என்றான். நான் பெஞ்சில் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஆக, ஒருவன் கையை முடக்கியும் அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சிரித்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். நானே சிரித்திருக்கிறேன்.

டுவேனுடைய கை திரும்பவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, குளிரில் நிற்பவன் மாதிரி நடந்தான். லாரிக்கு அடியில் படுத்துக் கையைத் தலைக்குமேல் நீட்ட முடியாததால், சுரங்கத்தில் அவனைக் கருவிகள் எடுத்துக் கொடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கோட்டுக்குள் கையை நுழைக்க கார்லா உதவ வேண்டியிருந்தது. வலிக்கிறது என்று இன்னொரு முறை எம்ஆர்ஐக்கு வந்தான். அதையும் நான்தான் படித்தேன். தையல் பிசகாமல் இருந்தது. எதிர்பார்த்தபடி தழும்பு, மற்றபடி ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அடுத்த இலையுதிர் காலத்தில் என் வீட்டுக்கு வந்தான். யாரோ வேட்டையாடிய மானில் கார்லா செய்த சாஸேஜ், ஒரு பொட்டலம். அவன் இனி துப்பாக்கி தூக்க முடியாது. உட்காரச் சொன்னேன், வாசலிலேயே நின்றான்.

"உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல டாக். நீ மட்டும் அன்னிக்குக் கண்டுபிடிக்கலன்னா கையே போயிருக்கும்னு கார்லாகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன். ஆபரேஷன் அந்தப் பொண்ணுக்குச் சரியா வரல, அவ்வளவுதான். விடு. வேணும்னேவா செஞ்சிருக்கும் அது?"

நான் வாங்கிக்கொண்டேன். சாஸேஜில் மிளகு தூக்கலாக இருந்தது. நன்றாகவே இருந்தது.

டாக்டர் வெஸ்ட்பி அவனுடைய கையை மறக்கவில்லை. ஒரு நாள் மாலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கேமராவில் பார்த்தபோதே அந்தக் கயிறு இயற்கையானது என்று பட்டதாம். தைக்காமல் மூடிவிடலாமா என்று கையை நிறுத்தினாராம். "உங்க குரல் ஞாபகம் வந்துச்சு சார். என் கண்ண நம்பாம உங்கள நம்பினேன். தப்பு என்னோடதுதான்." அழுதார். நான் டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். எல்லோருக்கும் இப்படி ஒன்று வாய்க்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னேன். நிஜமாகவே அவருக்காக வருத்தப்பட்டேன். இப்போது அவர் தோள் ஆபரேஷன் எதுவும் செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன்.

பிறகு கார்லா படங்களை மினியாபோலிஸுக்கு எடுத்துக்கொண்டு போனதும், அங்கே ஒருவர் இது கிழிசலே இல்லையே என்று சொன்னதும், அவள் உங்களுக்குப் புகார் எழுதியதும் உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை நீங்கள் உங்கள் முடிவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ரேடியாலஜிஸ்டும் சர்ஜனும் இயற்கையான ஓர் அமைப்பைத் தவறுதலாகக் கிழிசல் என்று எடுத்துக்கொண்டார்கள். நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை. அனுபவசாலிகளுக்கும் நேரக்கூடியது. நீங்கள் கருணையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் இத்தனை நேரம் நீங்கள் ஊருக்குப் பாதி தூரம் போயிருப்பீர்கள். அடுத்த வாரம் நான் வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பேன்.

கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. டாக்டர் வெஸ்ட்பி சுமப்பது அவருடைய பாரம் அல்ல. டுவேனுக்கும் ஒரு நாள் உண்மை தெரிய வேண்டும். மனசாட்சி என்று ஒன்று எனக்கும் இருக்கத்தானே செய்கிறது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: படம் தெளிவாக இருந்தது, அவன் தோளில் கிழிசல் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் பொய் சொன்னேன். லைசென்ஸைப் பறித்தாலும் சரி, ஜெயிலுக்கு அனுப்பினாலும் சரி, நான் வக்கீல் வைத்து வாதாடப் போவதில்லை.

ஆனால் கடைசிப் பக்கத்தில், பயிற்சி மாணவர்களோடு உட்கார்ந்து தோள்பட்டைப் படங்களின் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பு என்று போட்டு, அதில் என் பெயரைச் சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எனக்குத் தோள் பார்க்கத் தெரியும்.