கல்யாண நாளுக்கு ஒரு நல்ல இடம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாண நாளுக்கு ஒரு நல்ல ஓட்டல் பிடிப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி லேசான காரியம் இல்லை, சார். பசிக்குச் சாப்பிட எத்தனையோ கடை இருக்கிறது. பரோட்டா தட்டாத முக்கு கிடையாது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து, பக்கத்து மேசைக்காரன் முறைக்காமல், இலையை எடுக்க ஆள் வந்து நிற்காமல், நிதானமாக உட்கார்ந்து சாப்பிட இடம் தேடினால் ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடும். அதிலும் என் தங்கச்சி நந்தினிக்கு நாக்கு நீளம். ஆறிப்போனதைத் தொடமாட்டாள். குழம்பில் கலர்ப்பொடி விழுந்திருந்தால் முதல் வாயிலேயே சொல்லிவிடுவாள். அவளுடைய முதல் கல்யாண நாள். இடம் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் விக்கிரமங்கலத்துக்காரன். விவசாயம் போக, சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் வண்டிகளும் ஓட்டுகிறேன். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது நான்தான். பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்தபோது முதல் நாள் கொண்டுபோய் விட்டதும் நான்தான். போன வருஷம் ஒரு நாள் அவள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனாள். பையன் பெயர் சரத்குமார். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையின் லேபில் வேலை பார்த்தான். இரண்டு பேரும் அரியலூரில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினார்கள்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதையும் இடம் பார்ப்பது என்றுதான் சொல்வோம். அந்த இடத்தைப் பார்க்கிற வேலையை அவள் எனக்கு வைக்கவில்லை. அவன் எந்தத் தெரு என்பது உங்கள் பேப்பரிலேயே இருக்கும், நான் வாயால் சொல்லத் தேவையில்லை. அவன் அப்பா எங்கள் வயலுக்கு அறுப்புக்கு வந்தவர். என்னைக் கண்டால் தோளில் கிடக்கிற துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முறை தெரிந்த மனிதர்.

சொந்தக்காரப் பையன்கள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்தான் தடுத்தேன். வீட்டு வாசலில் போய்க் கத்துவது, பஸ் ஸ்டாண்டில் மறிப்பது, இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஒரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். பிறகு நானே போன் செய்தேன்.

"கல்யாண நாள் வருதுல்ல நந்தினி. வெளில எங்கயாவது ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோமா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நெசமாவாண்ணே? அவரையும் கூட்டிட்டு வரலாமா?"

"அவரு இல்லாம என்ன கல்யாண நாளு," என்றேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் அம்மா கமலவேணியை நீங்கள் விசாரித்திருப்பீர்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "ஏண்டா அறிவு, வெளில எதுக்கு? வூட்டுக்கே கூப்புடு. நான் நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன்," என்றாள். முதலில் வெளியில் பார்த்துப் பேசிப் பழகிக்கொள்வோம், பிறகு வீட்டுக்கு அழைப்போம் என்று சொல்லி வைத்தேன். அவன் எங்கள் கூடத்தில், அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதை அம்மா வேண்டுமானால் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னால் முடியாது.

ஓட்டல்களை நான் ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்தேன். சாப்பிட்டும் பார்த்தேன். பெரம்பலூரில் மொட்டைமாடியில் ஒன்று திறந்திருக்கிறார்கள். கம்பியெல்லாம் குட்டி விளக்கு, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் ரோஜா. சாப்பாடு பரவாயில்லை. ஆனால் கீழே கடைத்தெரு. ஸ்கூட்டர், ஆட்டோ, வண்டி நிறுத்தக்கூட இடமில்லாத நெரிசல். அந்தத் தெருவில் எந்த வண்டியும் வேகம் எடுக்க முடியாது. சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

நந்தினி ஆசைப்பட்டது வேறு இடம். லப்பைக்குடிக்காட்டில் நிஜாமுதீன் என்பவர் சவுதியிலிருந்து திரும்பி வந்து, அரபு நாட்டு மந்திச் சோறு போடுகிற கடை வைத்திருக்கிறார். தரையில் மெத்தை விரித்து, நடுவில் அகலத் தாம்பாளம் வைத்து, அதில் சோறும் கறியுமாகக் கொட்டிவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லாரும் எடுத்துச் சாப்பிட வேண்டும். அவளோடு வேலை பார்க்கிற மர்வா என்கிற பெண் கூட்டிப்போயிருக்கிறாள். "ஒரே தட்டுல எல்லாரும் சாப்புடலாம்ணே, நல்லாருக்கும்," என்றாள் நந்தினி. நானும் தனியாகப் போய்ப் பார்த்தேன். கறி பஞ்சாக இருந்தது. நிஜாமுதீன் நல்ல மனிதர், "குடும்பத்தோட வாங்கண்ணே, தனி ரூம் தர்றேன்," என்று உபசரித்தார். நான் அந்தத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவன் கை படும். அவன் பிசைந்த சோறு என் பக்கம் சரியும். நான் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டேன். அவளிடம் கறி வேகவில்லை என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

திருச்சி ரோட்டுப் பக்கம் பெரிய ஓட்டல்கள் உண்டு. எப்போதும் பஸ் நிற்கும், கூட்டம் இருக்கும், வாசலில் நாலு பக்கமும் கேமரா. அரியலூர் டவுனுக்குள் என்றால் தெரிந்த முகங்கள். கடைசியில் கைகாட்டி ஊரைத் தாண்டி, ஜெயங்கொண்டம் ரோட்டில் தளிர் கார்டன் என்று ஒன்று கிடைத்தது. ஓலைக் குடில், நடுவில் சின்னதாக நீரூற்று, குழந்தைகளுக்கு ஊஞ்சல். லாரித் தூசி செடியில் படிந்துவிடும் என்று தினமும் காலையில் ஆள் வைத்து இலையெல்லாம் கழுவுகிறார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்தது. பட்டர் நான் மெத்தென்று இருந்தது. பன்னீரில் புளிப்பு இல்லை. நந்தினிக்கு ஏற்ற கைப்பக்குவம்.

மற்ற வசதிகளும் இருந்தன. ரெட்டிபாளையத்திலிருந்து வருகிறவன் வலது பக்கம் திரும்பி, ரோட்டைக் கடந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அதற்குச் சற்று முன்னால் புளியமரம் மறைக்கிற வளைவு. எதிரில் வருகிற வண்டி கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். அந்த ரோட்டில் கல் ஏற்றிய டிப்பர் போய்க்கொண்டே இருக்கும், ஒன்று கூடுதலாகப் போனால் யாரும் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை. பொழுது சாய்ந்ததும் அந்த இடத்தில் வெளிச்சம் போதாது என்று மேனேஜரே வருத்தப்பட்டார். மூன்று தடவை நான் அங்கே வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நல்ல காரியத்துக்கு ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது.

சரத்குமார் ஒழுங்கானவன். குடிக்கமாட்டான், ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுக்கமாட்டான். கார் போதாது, டிப்பர்தான் வேண்டும் என்று முடிவானது அதனால்தான். சாமிதுரை என்னிடம் வெகுகாலமாக ஓட்டுகிறவன், எங்கள் ஆள். விஷயத்தைச் சொன்னதும் "உங்க வண்டி வேணாம்ணே, வேற வண்டி நான் பாத்துக்கறேன்," என்றான். அவனுக்கு நான் பணம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவன் வாங்கவில்லை. இதற்கெல்லாம் காசு வாங்குகிற குடும்பம் இல்லை அவனுடையது.

அன்றைக்குச் சாயங்காலம் நந்தினியை நானே பெரம்பலூரில் காரில் ஏற்றிக்கொண்டேன். மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை. வேலை முடிந்து அங்கேயே மாற்றிக்கொண்டாளாம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவனுக்குக் காரம் ஆகாது, அவன் அம்மாவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, அவன் என்னைப் பார்க்கப் பயப்படுகிறான், இப்படி.

"நான் என்ன புலியா?" என்று கேட்டேன்.

"அவருகிட்ட அதத்தாண்ணே சொன்னேன். எங்கண்ணன் மொகம்தான் அப்படி, மனசு தங்கம்னு."

நாங்கள் அரியலூர் வந்ததும் அவன் எனக்குப் போன் செய்தான். "டூட்டி முடியப்போவுதுங்க மச்சான். கெளம்பறப்ப கூப்புடட்டுங்களா?"

மச்சான் என்றான். அந்த வார்த்தையை என்னிடம் சொல்கிற முறை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு வரைமுறை இருக்கிறது, சார். அவன் அதை ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொன்னான். அது இன்னும் மோசம். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "கண்டிப்பா கூப்புடுங்க மாப்ள. அப்பத்தான் சூடா எடுத்து வைக்கச் சொல்ல முடியும்," என்றேன்.

குடிலில் நான் அவளுக்கு நீரூற்றைப் பார்த்த மாதிரி இருக்கை போட்டிருந்தேன். அவள் எழுந்து இந்தப் பக்கம் மாறி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "அவரு வர்றது தெரியும்ல," என்றாள். மறுத்தால் ஏனென்று கேட்பாள் என்று விட்டுவிட்டு, அவளுக்கு எதிரில் மாறி உட்கார்ந்தேன்.

சர்வர் வந்தான். முதலில் சூப், பிறகு பட்டர் நான், பன்னீர், பள்ளிப்பாளையம் சிக்கன், கடைசியில் ஐஸ்கிரீம். எத்தனை பேருக்கு என்று கேட்டான். இரண்டு பேருக்கு என்றேன். எனக்குச் சாப்பாட்டை வீணாக்குவது பிடிக்காது, அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது.

"அண்ணே, அவருக்கு?"

"வந்ததும் சூடா சொல்லிக்கலாம்."

அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள். கிளம்பிவிட்டேன் என்று அவன் போன் வந்தது. நான் கை கழுவப் போகிற மாதிரிப் போய்ச் சாமிதுரைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வந்தேன்.

சூப் வந்திருந்தது. அவள் குடிக்கவில்லை, அவனுக்காக வைத்திருந்தாள். நான் குடித்தேன். கொஞ்சம் மிளகு தூக்கல். கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தை நீட்டி, "வந்துட்டாருண்ணே, இண்டிகேட்டர் போட்டுட்டாரு," என்றாள். கையைக்கூட லேசாகத் தூக்கினாள். நான் ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தில்தான் பார்த்தேன். அதில் வெளிச்சம் ஒரு தடவை குறுக்கே ஓடியது. சத்தம் பிறகுதான் வந்தது.

அவள் எழுந்து ஓடினாள், புடவை தடுக்கி ஊஞ்சல் கம்பியில் முட்டிக்கொண்டாள். மறுபடி ஓடினாள். நானும் போனேன், ஒரு அண்ணன் போகவேண்டிய வேகத்தில்தான் போனேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான். அரியலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் பக்கத்தில் இருந்ததும் நான். அவன் வண்டிப் பெட்டியிலிருந்து எனக்கென்று வாங்கிய சட்டை ஒன்றை எடுத்துக்கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை. கழுத்து அளவு எனக்குப் பத்தாது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் ஹெல்மெட் அவள் மடியில் இருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குத்தான சொன்ன," என்றாள்.

அவள் அதே குரலில், பக்கத்தில் நின்ற உங்கள் ஏட்டையாவைப் பார்த்து, "எங்கண்ணன் ரெண்டு பேருக்குத்தான் சார் சாப்பாடு சொன்னாரு," என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. சாமிதுரையை நீங்கள் பிடித்ததெல்லாம் அப்புறம்.

ஆக, நீங்கள் எழுதவேண்டியது இதுதான். இடம் பார்த்தது நான். நேரம் குறித்தது நான். வண்டி வரச் சொன்னதும், மிஸ்டு கால் கொடுத்ததும் நான். சரத்குமாரைக் கொன்றது நான், சாமிதுரை ஸ்டியரிங் பிடித்தான், அவ்வளவே. அம்மாவை இதில் இழுக்காதீர்கள். மேனேஜரையும் விட்டுவிடுங்கள், அந்த ஓட்டலில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நந்தினி அவன் வீட்டிலேயே, அந்தத் தெருவிலேயே போய் இருக்கிறாளாம். சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்கிறாளாம். அவர்களுக்கு அவளைச் சாப்பிட வைக்கத் தெரியாது, அவளுக்கு எது பிடிக்கும் என்றும் தெரியாது. ஒரு தடவை எனக்குப் போன் கொடுங்கள். நான் கூப்பிட்டால் வந்துவிடுவாள், சார். அன்றைக்கும் நான் கூப்பிட்டதும் வந்தாளே.