காயட்டும் டாக்டருக்கு டயாலிசிஸ் பிரிவின் வாக்கு

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை நிர்வாகி அவர்களே, மருத்துவர்களே, டயாலிசிஸ் பிரிவின் தோழர்களே, சிகிச்சை முடிந்த களைப்போடு நேராக இங்கே வந்திருக்கும் நோயாளிகளே, மறைந்த எங்கள் தலைமை மருத்துவரின் துணைவியார் அவர்களே, அனைவருக்கும் தலைமைச் செவிலியராகிய என் வணக்கம்.

சிறுநீரக மருத்துவத்தின் பெருந்தகை போய்விட்டார். அவரை நீங்கள் எப்படி அழைத்தீர்கள்? "காயட்டும் டாக்டர்" என்றல்லவா! டயாலிசிஸுக்காக நோயாளியின் கழுத்தில் பொருத்திய குழாயைத் திறந்து, அதன் வாயை மருந்துப் பஞ்சால் அழுத்தித் துடைத்தபின், அது தானாகக் காய்ந்து கிருமி சாகும்வரை இயந்திரத்தோடு இணைப்புக் கொடுக்க விடமாட்டார். ஒருமுறை நம் டெக்னீஷியன் தம்பி அவசரத்தில் கையுறைக் கவரால் அதை விசிறிவிட்டார். "என்னப்பா, காபியா ஆத்துற? விசிறுனா இருக்குற தூசியெல்லாம் அதுமேல வந்து உக்காரும். அது பாட்டுக்குக் காயட்டும்!" என்றார். தம்பி, இன்று சிரிக்கிறீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? சிகிச்சையின் நடுவே ஒரு தையல்காரர் நடுங்கினார். எங்கள் அறையில் ஏசி எப்போதும் அதிகம். "குளிருது போல, போர்வை குடுங்க" என்றார் டாக்டர். குளிரல்ல அது! குழாய் வழியாக இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. தையல்காரர் பிழைக்கவில்லை. அவர் மனைவி இதோ, இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவரிடம் டாக்டர் சொன்னார்: "அம்மா, இது தலையெழுத்து இல்ல. தடுத்திருக்கலாம். குளிர்னு நெனச்சது என் தப்பு." எத்தனை பேருக்கு வரும் அந்த நெஞ்சுரம்!

அன்றிலிருந்து யாராவது நடுங்கினால் உடனே இரத்தப் பரிசோதனை. குழாயைத் திறக்கும்போது நோயாளிக்கும் முகக்கவசம், எங்கள் கவனம் சிதறாமலிருக்க டிவிக்கும் வாய்ப்பூட்டு. கையில் டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இரத்தநாளம் தயாரானதும், தற்காலிகமான கழுத்துக் குழாயை எடுக்கச் சொல்லி அறுவை மருத்துவரை நச்சரிப்பார். "விருந்தாளிய எத்தனை நாளைக்குங்க வெச்சுக்கிறது?" என்பார். ஒருநாள் அவரே முகக்கவசம் மறந்து நுழைந்தார். நோயாளியான பேருந்து ஓட்டுநர் அண்ணன், "டாக்டர், மொதல்ல வெளிய போங்க!" என்று அதட்டினார். போனார், அணிந்துகொண்டு வந்து நன்றியும் சொன்னார்.

நிர்வாகி அவர்களே! காத்திருப்போர் பெருகிவிட்டதால் தினமும் கூடுதலாக ஒரு ஷிஃப்ட் நடத்தச் சொல்கிறீர்கள். நியாயம்தான், தோள் கொடுக்கிறோம். ஆனால் "இந்தத் தொடைக்கிறது, காயவைக்கிறதையெல்லாம் கொஞ்சம் சுருக்குங்க" என்றீர்களே, அது நடக்காது! ஆட்களைக் கூட்டுங்கள், எங்கள் கையை அவசரப்படுத்தாதீர்கள். இதுவரை உங்களோடு அவர் ஒருவர் மல்லுக்கட்டினார். இனி பிரிவே மல்லுக்கட்டும்.

நோயாளிகளே, எங்களில் யார் அவசரப்பட்டாலும், அது நானே ஆனாலும், நிறுத்துங்கள். சங்கடப்படாதீர்கள், உயிர் உங்களுடையது.

தோழர்களே, எழுந்து நில்லுங்கள். அவருடைய துணைவியார் முன்னால் உரக்கச் சொல்லுங்கள்: எங்கள் அவசரத்தால் இனி ஒரு வீடும் அழாது!