மடக்கு அடுப்பு பற்றி கஜபதி திருத்திச் சொன்னது

பெயர் கஜபதி, வயது 39, தகப்பனார் பெயர் எத்திராஜ். ஆவடியை அடுத்த வெள்ளானூரில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் பதினாறு வருடமாக ஃபிட்டராக இருக்கிறேன். சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து போலீசாரிடம் நான் சொன்னதில் ஒரு பகுதி பொய். அதைத் திருத்திச் சொல்ல நானாகவே இன்று காலை நிலையத்துக்கு வந்தேன்.

நானும், சேக்காட்டில் இருக்கும் தினகரனும், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பாண்டியனும் லீவு நாட்களில் வெளியூர் போய் கூடாரம் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வருவோம். ஒரு முறை போன இடத்தில் கேஸ் தீர்ந்துபோய் பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பினோம். அதன் பிறகு சுள்ளி கிடைத்தால் எரிகிற சின்ன விறகடுப்பு ஒன்று வாங்குவது என்று முடிவு செய்து, தகடு வேலை தெரிந்தவன் என்று அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். போனில் இரண்டு அடுப்புகளைக் காட்டினேன். ஒன்று உருண்டையாக, அகலமான கால்களுடன், கனமாக இருந்தது. மற்றது நான்கு தகடுகளைக் கொக்கியில் மாட்டி நிறுத்துவது, மடக்கினால் புத்தகம் போல ஆகிவிடும். தினகரன், "கனமா கீதுன்னா இன்னா மச்சான், கார்ல தானே போறோம். காலு அகலமா கீறத வாங்கு" என்றார். எனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு நான் மடக்கு அடுப்பை வாங்கினேன்.

அது வந்ததும் மொட்டை மாடியில் வைத்து டீ போட்டுப் பார்த்தேன். சூடு ஏறியதும் ஒரு தகட்டின் கொக்கி நழுவியது. ஆறிய பிறகு குறட்டால் நெருக்கிவிட்டு, அடுப்பு அருமையாக இருக்கிறது என்று இருவருக்கும் மெசேஜ் அனுப்பினேன்.

அதன் பிறகு சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பாண்டியனின் மனைவி ராதிகாவும் ஊத்துக்கோட்டைப் பக்கம் தெரிந்தவர் மாந்தோப்புக்குப் போனோம். காலை பதினொரு மணி இருக்கும். தினகரன் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு பேருக்கான சோற்றுப் பானையை அந்த அடுப்பின் மேல் ஏற்றி வைத்தவன் நான். ராதிகா கிளறிவிட்டுக் கரண்டியைத் தட்டில் வைத்து உப்பு டப்பாவைத் திறந்தார். பாண்டியன் தரையில் உட்கார்ந்து குனிந்து சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது அதே கொக்கி கழன்று தகடு வெளியே சாய்ந்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. பானை கவிழ்ந்து கொதிக்கிற கஞ்சி பாண்டியனின் இரண்டு தொடையிலும் கொட்டியது. துணி தோலோடு ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வந்த போலீசார் எப்படி நடந்தது என்று கேட்டபோது பக்கத்தில் தினகரன் நின்றிருந்தார். ராதிகாவின் கரண்டி பட்டுப் பானை சாய்ந்தது என்று சொல்லிவிட்டேன். அடுப்பு எங்கே என்றதற்குத் தோப்பிலேயே கிடக்கிறது என்றேன். உண்மையில் தோப்பிலேயே தண்ணீர் ஊற்றி ஆற்றி, மடக்கி என் பையில் போட்டிருந்தேன். மறுநாள் பட்டறை ஸ்கிராப் தொட்டியில் போட்டேன். அது லோடோடு போய்விட்டதால் இப்போது ஆஜர் செய்ய முடியவில்லை.

பாண்டியனின் தாயார் விஷயம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து வந்தார். மகனுக்குச் சாப்பாடு ஊட்டவும் ராதிகாவை விடவில்லை. மூன்றாம் வாரம் பார்க்கப் போனபோது ராதிகா வராண்டாவில் என்னை நிறுத்தி, "அண்ணே, நெசமாவே நான்தான் தட்டுனேனா? எவ்வளவு யோசிச்சாலும் எனக்கு ஞாபகம் வரல" என்று கேட்டார். "ஆமாம்மா, தெரியாமத்தானே, உடு" என்று சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு பிளாஸ்கைக் கழுவப் போனார். அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போன் வந்தாலும் எடுக்கவில்லை.

இன்று இங்கே எழுதத் தொடங்கும் முன் உதவி ஆய்வாளர் ஐயாவிடம் அனுமதி கேட்டு ராதிகாவுக்கு நானே போன் செய்து, நீ தட்டவில்லை, அடுப்பின் கொக்கி கழன்றது, அது எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். அவர், "இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். அத்தை பக்கத்துல இருக்காங்க. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன்.

யாரும் வற்புறுத்தாமல் நான் சொன்னபடியே இது எழுதப்பட்டது. வாசித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) எ. கஜபதி