ஷூ போட்ட வேண்டுதல்

கிணத்துக்கடவு பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண், மடியில் புத்தகத்தோடு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டார்.

“கால் வலியா கண்ணு?”

“சைக்கிள் பிராக்டீஸுங்க. ஞாயித்துக்கெழம ஈரோடு வரைக்கும் மிதிக்கோணும். அடுத்த நாளே பரீட்சைங்க.”

“பாஸாகறதுக்கு வேண்டுதலா?”

“இல்லீங்க. மிதிக்கற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு தர்றாங்க. ஆஸ்பத்திரியில இருக்கற கொழந்தைங்களுக்கு நிதி சேக்கறோமுங்க.”

“உங்க சொந்தமா?”

“பாத்ததே இல்லீங்க.”

அம்மாள் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

“வெறுங்காலுலயா மிதிப்பே?”

“ஷூ போட்டுக்குவனுங்க.”

“ஷூ போட்டுட்டுப் போனா சாமிக்கு எப்படித் தெரியும்?”

“தெரியலீங்க.”

தன் நிறுத்தம் வந்ததும் அம்மாள் எழுந்தார்.

“நாளைக்கு நான் பழனிக்கு நடக்கறேன். உன்ற பரீட்சையையும் சேத்து வேண்டிக்கறேன் கண்ணு. நான் செருப்புப் போட மாட்டேன்.”